ஐஸ் கட்டி மிதந்த வீடு

வாசக் கதவைச் சாத்திருங்க தம்பி. ஆடிக் காத்து மண்ணை வாரிக் கொட்டுது. அதுவும் போக, தெருவுல போறவன் வாரவன் எல்லாம் எட்டிப் பாக்கக் கூடாது. விசாரணைன்னா நாலு சுவத்துக்குள்ள நடக்கணும். போன வருஷம் கதவைத் திறந்து போட்டதுலதான் எனக்கு வினையே வந்துச்சு. சொல்றேன். சொல்லாமப் போகமாட்டேன்.

நீங்க உக்காருங்க. நீங்க நின்னா எனக்குப் பேச வராது. எனக்கு நாற்காலி இல்லைன்னு சொல்லிட்டீங்க, சரி. ஒரு பாய்கூடவா இல்ல? சரி, விடுங்க. தரை நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் மடங்கமாட்டேங்குது, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க.

உங்க பேரு பொன்ராஜ். லோடு ஆட்டோ ஓட்டுறீங்க, வண்டி வாடகை வண்டி. வீட்டுக்காரம்மா தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போறாங்க. மக அனுசுயா, பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ரெண்டாவது வருஷம். மார்க்கு எல்லாம் நல்லாத்தான் வாங்கியிருக்கு பிள்ளை. எங்க பொன்னுத்தாயம்மாள் அறக்கட்டளை உதவித்தொகை கிடைச்சா மிச்சப் படிப்பை முடிச்சிரும், கிடைக்கலைன்னா இந்த செமஸ்டரோட நிப்பாட்டிருவீங்க. அப்படித்தானே மனுவுல போட்டிருக்கீங்க? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. தாங்கள் கருணை காட்டினால், தாங்கள் மனது வைத்தால்னு எழுதி எழுதி, அதைப் படிச்சுப் படிச்சு எனக்குக் குமட்டிக்கிட்டு வருது தம்பி. உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொல்றேன்.

என்னைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆர்.ஐ. ஆதிமூலம்னா கோவில்பட்டியில தெரியாதவங்க கிடையாது. ரெவின்யூவுல இருந்து ரிட்டையர் ஆன மறுமாசமே அறக்கட்டளை சேர்மன் வீட்டுக்குக் கூப்பிட்டு விட்டாரு. எங்க அம்மா பேர்ல காலேஜுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை குடுக்கோம், வாரதெல்லாம் பொய் மனுவா வருது, உங்களை மாதிரி ஒரு ஆளு இருந்தா நல்லா இருக்கும்னாரு. நான் சொன்னேன், சார், வருமானச் சான்றிதழைக் குப்பையில போடுங்க. சர்வீஸ் பூரா அதுல கையெழுத்துப் போட்டவன் நான். எந்த வீட்டு வாசப்படியும் மிதிக்காம எத்தனை ஆயிரத்துல போட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதனாலதான் சொல்றேன், அதை நம்பாதீங்க, நேர்ல போய்ப் பாக்கணும்னேன். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் இந்த வீட்டு விசாரணை. சம்பளம் கிம்பளம் கிடையாது. பெட்ரோல் காசும், விழா அன்னைக்கு மேடையில ஒரு பொன்னாடையும். மத்தபடி சேவைதான்.

எனக்கு ஒரு மூக்கு உண்டு தம்பி. வாசல்ல கிடக்கிற செருப்பைப் பாத்தே சொல்லிருவேன், இந்த வீட்டுல எவ்வளவு புழங்குதுன்னு. முன்னெல்லாம் கரண்டு மீட்டர் சுத்துற வேகத்தைப் பாத்து உள்ள என்னென்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சிருவேன். இப்ப டிஜிட்டல் மீட்டர்னு ஒண்ணைக் கொண்டாந்து அதுல மண்ணைப் போட்டுட்டாங்க. இருந்தாலும் விடுறதில்ல. நான் வாரேன்னு தெரிஞ்சதும் டிவியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல வெக்கிறது, நல்ல சேலையை அவுத்து எறிஞ்சிட்டு கிழிஞ்சதைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறது. ச்சீ. இல்லாதவன் இல்லாதவனா இருக்கான், அதுல அசிங்கம் இல்ல. இருக்கிறவன் இல்லாத மாதிரி மூக்கைச் சிந்துறான் பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. அப்படி ஒரு வீட்டுக்குப் போயிட்டு வந்தா வீட்டுக்குள்ள நுழையும்போதே எங்க வீட்டம்மா கிட்ட வெந்நி போடச் சொல்லிருவேன். குளிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன வருஷக் கதைக்கு வாரேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அப்பன் காளிராஜ், மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவன். மக பேரு செண்பகவல்லி. பி.எஸ்சி. கணக்கு. காலேஜுலயே முதல் மார்க்கு. அதை நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. இன்னைக்கும் சொல்றேன், மூளைக்காரப் பிள்ளை.

இதே ஆடி மாசந்தான். உச்சி வெயில்ல போய் இறங்குறேன். போனா, வாசல்ல தண்ணி தெளிச்சுக் கோலம். உள்ள ஒரு குஷன் நாற்காலி, கை வெச்ச நாற்காலி. எனக்குப் பின்னாடி ஒரு டேபிள் ஃபேன், புத்தம் புதுசு, நல்லா சுத்துது. ஒரு தட்டுல லட்டு, ஒரு தட்டுல மிச்சர். கண்ணாடி டம்ளர்ல ஆரஞ்சுக் கலர். நான் உக்காந்து பாக்கேன், அந்தக் கலர்ல ஐஸ் கட்டி மிதக்குது.

வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கான்னு கேட்டேன். இல்ல சார்னு சொல்றான் அந்த ஆளு. கூசாமச் சொல்றான். டம்ளர்ல ஐஸ் மிதக்குது, ஃப்ரிட்ஜ் இல்லங்கான். பின்ன இது ஏதுன்னு கேட்டேன். அவன் பொண்டாட்டியைப் பாக்கான், அவ மகளைப் பாக்கா, மக தரையைப் பாக்கா. சாப்பிடுங்க சார், வெயில்ல வந்திருக்கீங்கன்னு மட்டும் சொன்னான். நாற்காலி உங்களதான்னு கேட்டேன். நல்லாச் சாஞ்சு உக்காருங்க சார்ங்கான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்ல. இதைவிட என்ன வேணும் எனக்கு? வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாதவன் எதையோ மறைக்கான்னுதானே அர்த்தம்.

கலரைக் குடிச்சேன். ஏன், குடிக்கக் கூடாதா? குடுத்ததை வேண்டாம்னா அவங்களுக்கு மரியாதையா இருக்காது. இன்னொரு டம்ளர் கேட்டேன், அதுவும் வந்துச்சு, அதுலயும் ஐஸு. லட்டு ரெண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டு எந்திரிச்சு வெளிய வந்து, வண்டி மேல வெச்சே எழுதினேன்: வசதியான குடும்பம், மறைக்கிறார்கள், பரிந்துரை இல்லை.

அன்னைக்கே சாயங்காலம் இன்னொரு வீடு. ஒரு பையன், பி.காம். வீடுன்னா அதுதான் வீடு. உள்ள ஒண்ணுமே கிடையாது. சுவர் மொட்டையா நிக்குது. அந்தச் சுவத்துல நடுவுல சதுரமா ஒரு இடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு, ஆணியும் அப்படியே இருந்துச்சு. பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. டிவியை வித்துப் பிள்ளையைப் படிக்க வெக்கிறாங்க. கேட்டா அவங்க அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஆமாங்கிற மாதிரி தலையை ஆட்டுது. சொட்டை விழுந்த அலுமினிய டம்ளர்ல பச்சைத் தண்ணி குடுத்தாங்க. எனக்கு மனசு கரைஞ்சு போச்சு தம்பி. நானும் மனுசன்தானே. பலமாப் பரிந்துரை பண்ணேன். விழாவுக்கு அந்தக் குடும்பம் கார்ல வந்து இறங்குச்சு. வாடகைக் காரா இருக்கும். பாவம், நல்ல நாளும் பெருநாளுமா ஆசைப்பட்டுப் பிடிச்சிருப்பாங்க.

விழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது சேர்மன் கூப்பிட்டாரு. போனா அங்க ஒரு பொம்பளை நிக்கிறா. தங்கபுஷ்பம்னு பேரு. செண்பகவல்லி வீட்டுக்கு அடுத்த வீட்டுல பெட்டிக்கடை வெச்சிருக்கா. அன்னைக்கு நான் கலர் குடிக்கும்போது திறந்து கிடந்த கதவு வழியா வந்து வந்து எட்டிப் பாத்தவ இவதான். இவ எதுக்குப் பாக்கான்னு அப்பவே நினைச்சேன். சேர்மன் முன்னாடி நின்னுக்கிட்டு என்னைக் கையை நீட்டிச் சொல்றா:

"ஐயா, அந்த நாற்காலி என்னோடது. ஃபேன் என்னோடது. ஐஸ் என் கடை ஃப்ரிட்ஜ்ல எடுத்தது. பெரிய ஆபீசர் வாராரு, வெறும் தரையில எப்படி உக்காரச் சொல்றதுன்னு அந்தப் பிள்ளைதான் என்கிட்ட வந்து கேட்டுச்சு. இவரு வயிறு குளிரக் குடிச்சிட்டு வந்து வாயில மண்ணைப் போட்டுட்டாரு."

எப்படி இருக்கும் எனக்கு? என் சர்வீஸ்ல ஒரு கெசட்டட் ஆபீசர்கூட என்னை அப்படிப் பேசினது கிடையாது. சேர்மன் என்ன சொல்றாரு தெரியுமா, ஆதிமூலம், வீட்டுக்கு ஒரு மனுசன் வந்தா நாற்காலி போடுறது தப்பாங்காரு. நான் சொன்னேன், போடுறது தப்பில்ல சார், இல்லாததைப் போடுறதுதான் தப்பு. இரவல் வாங்கி எனக்கு மரியாதை பண்ணச் சொல்லி நானா கேட்டேன்? இரவல்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? மூட்டை தூக்குறவனுக்கு இரவல்னு சொல்லக் கௌரவம் இடம் குடுக்கலையாம். கௌரவம் பாக்கிறவன் எதுக்கு உதவித்தொகைக்கு மனுப் போடணும்? நீங்களே சொல்லுங்க.

அதுக்கும் சேர்மன் விடலை. அந்தப் பிள்ளை பேரைச் சேத்திரலாமான்னாரு. முடியாது சார்னுட்டேன். அதுக்குள்ள ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு. பத்தே பேருக்குத்தான் உதவித்தொகை, பத்துப் பிள்ளைக போட்டோவும் வரிசையா வந்தாச்சு. அதுல ஒண்ணை எடுக்கணும்னா நான் தப்புப் பண்ணேன்னு ஊருக்கே தெரியிற மாதிரி ஆயிரும். என் பேரு கெட்டா அறக்கட்டளை பேரு கெட்ட மாதிரிதானே. அடுத்த வருஷம் பாப்போம் சார்னு சொன்னேன். சேர்மனும் சரின்னுட்டாரு. அவரு பெரிய மனுசன்.

விழா ஜேஜேன்னு நடந்துச்சு. அதே மேடையில என் பேரன் பிரணவும் ஏறினான். எஞ்சினியரிங் படிக்கான். அவனுக்குச் சிறந்த மாணவர் விருது. இல்லையில்ல, அது உதவித்தொகை இல்ல தம்பி, அது விருது. தகுதிக்குக் குடுக்கிறது. அதுக்கு வீட்டு விசாரணை எல்லாம் கிடையாது. மார்க்கும் நன்னடத்தையும் பாத்துக் குடுக்கிறாங்க. மார்க்கு சுமாராத்தான் இருந்துச்சு, ஆனா நன்னடத்தை ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்தச் சான்று நான்தான் குடுத்தேன், எனக்குத் தெரியாதா என் பேரனை?

தீபாவளிக்கு எங்க வீட்டம்மாவுக்குச் சேலை எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனோம். மாடியில சேலைப் பிரிவு. போய் உக்காந்தா, எதுத்தாப்புல நிக்கிறது யாருங்கீங்க? செண்பகவல்லி. கடைச் சேலை கட்டி, பேரு போட்ட அட்டையைக் குத்திக்கிட்டு நிக்கிறா. வாங்க சார்னா. முகத்துல ஒண்ணும் காட்டலை. படிப்பு என்னாச்சும்மான்னு மரியாதைக்குக் கேட்டேன். நிப்பாட்டிட்டேன் சார்னு சொல்லிக்கிட்டே சேலையை விரிக்கா. கணக்குல காலேஜுக்கே முதல் மார்க்கு வாங்கின பிள்ளை, சேலை முந்தியைத் தோள்ல போட்டுப் போட்டுக் காட்டுறா. எங்க வீட்டம்மா பொறுக்கி எடுக்க ரொம்ப நேரம் ஆக்குவா. இவ சலிக்காம ஒவ்வொண்ணா விரிச்சா. எங்க வீட்டம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தங்கமான பிள்ளைன்னு என் காதுல சொல்றா.

பெரிய கடையில தீபாவளிக்குக் கலர் குடுப்பாங்க இல்லையா. ஒரு தட்டுல கொண்டாந்தாங்க. அவ ஒரு டம்ளரை எடுத்து எங்க வீட்டம்மாகிட்ட குடுத்தா. இன்னொண்ணை எடுத்து என் முன்னாடி நீட்டினா. ஐஸ் கட்டி மிதக்குது தம்பி. நான் நிமிந்து பாக்கேன்.

"இது கடையோடது சார். பயப்படாமக் குடிங்க."

அவ்வளவுதான் சொன்னா. சத்தமாக்கூடச் சொல்லலை. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. என்ன திமிரு. சோறு போடுற கடையில நின்னுக்கிட்டு வாடிக்கையாளரைப் பாத்துப் பேசுற பேச்சா அது? நான் தொடலை. எங்க வீட்டம்மா ரெண்டையும் குடிச்சிட்டு, என்ன பயப்படாமக் குடிங்கன்னு சொல்லுதுன்னு என்னையக் கேக்கா. கீழ இறங்கி வரும்போது சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தேன், உங்க பிள்ளைகளுக்குப் பணிவு பத்தாதுன்னு. வேலையை விட்டுத் தூக்குன்னு நான் சொல்லலை. பணிவு பத்தாதுன்னுதான் சொன்னேன். பொங்கலுக்குப் போனப்ப அவ அங்க இல்ல. வேற எங்கயாச்சும் நல்ல வேலை கிடைச்சிருக்கும். மூளைக்காரப் பிள்ளைதானே.

இப்ப நீங்க சொல்லுங்க தம்பி, இதுல என் தப்பு என்ன இருக்கு? ஏன் சொல்றேன்னா, அந்தத் தங்கபுஷ்பம் ஊரெல்லாம் பத்த வெச்சிட்டா. அதோட விளைவு இந்த வருஷம் தெரியுது. காலையில இருந்து சுத்துறேன். போற வீட்டுல எல்லாம் சொல்லி வெச்ச மாதிரி தரையைக் காட்டுறாங்க. ஒருத்தனும் வாங்கன்னு சொல்லமாட்டேங்கான். ஃபேனை நிப்பாட்டி வெச்சிருக்கான். ஒரு வீட்டுல எனக்கு வேர்த்து ஊத்துது, அந்தம்மா தன் முந்தானையால தான் மட்டும் விசிறிக்கிடுது. ஒரு வாய் தண்ணி குடுக்கலை தம்பி எவனும். தண்ணி குடுத்தாக்கூட எழுதிருவாருன்னு பேசிக்கிடுறாங்களாம். என்ன ஊரு இது? வீட்டுக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுக்காத ஊரும் ஒரு ஊரா? அருவருப்பா இருக்கு எனக்கு. மரியாதைன்னு ஒண்ணு இருந்துச்சு இந்த மண்ணுல. அதை எவன் அழிச்சான்னு தெரியலை.

தொண்டை வறண்டு போச்சு. நீங்களும் நான் வந்ததுல இருந்து தண்ணி வேணுமான்னு கேக்கலை. அனுசுயா, இங்க வாம்மா. நல்ல பிள்ளை மாதிரி இருக்க. தாத்தாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. ஏம்மா அப்பாவைப் பாக்க? தண்ணிதானே கேக்கேன். சும்மா கொண்டாம்மா, நான் ஒண்ணும் எழுதமாட்டேன்.

எங்க போகுது? ஓ, அது அடுப்படியா? உள்கதவைச் சாத்தி வெச்சிருக்கீங்களே, அதான் கேட்டேன். ம். மூடியை எடுக்கிற சத்தம் கேக்குது. பானையில மோக்குற சத்தமும் கேக்குது. நல்லது. பானைத் தண்ணி உடம்புக்கு நல்லது.

குடும்மா. இதென்ன, இவ்வளவு சில்லுன்னு இருக்கு?

இல்ல, பானைன்னு நீ சொல்றது சரி. மோக்குற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. சத்தம் காட்டுறது என்ன பெரிய வித்தையா? எத்தனை வீட்டைப் பாத்திருக்கேன். பானைக்கு அடியில மணல் போட்டு வெச்சிருக்கீங்களாக்கும், காத்து படுற இடமாக்கும். இருக்கலாம். இல்லைன்னு சொல்லலை. பானைத் தண்ணி இருக்கிற குளிர்ச்சி எனக்குத் தெரியும் தம்பி, இது அந்தக் குளிர்ச்சி இல்ல. கை விறைக்குது பாருங்க. எழுதமாட்டேன்னு சொன்னேன்தான். பாக்கமாட்டேன்னு சொல்லலையே. கடமைன்னு ஒண்ணு இருக்கு. எந்திரிங்க. அந்தக் கதவைத் திறந்து காட்டிருங்க, உங்களுக்கும் நல்லது, எனக்கும் மனசுல ஒண்ணும் இருக்காது. பிள்ளையோட படிப்பு இதுலதான் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஏம்மா, டம்ளரை ஏன் வாங்குற? நான் இன்னும் வாயிலயே வெக்கலையேம்மா. தம்பி, பாருங்க உங்க மகளை. மனுக் காயிதத்தை எதுக்கும்மா எடுக்க? அது ஆபீஸ் காயிதம். கிழிக்காத, கிழிக்காத. தம்பி, நீங்களாவது சொல்லுங்க. பிள்ளை ஏதோ விவரம் தெரியாமப் பண்ணுது, நான் பெருசா எடுத்துக்கிடலை. இன்னொரு காயிதம் தாரேன். முதல்ல அந்தத் தண்ணியைக் குடுக்கச் சொல்லுங்க, நாக்கு ஒட்டுது.

ஆங், எந்திரிச்சீங்களா. அப்படி வாங்க வழிக்கு. எங்க போறீங்க? தம்பி, அது வாசக் கதவு. நான் திறக்கச் சொன்னது உள்கதவை.